அடித்தல் இரண்டு

இருபது வருஷம் பத்திரம் எழுதியவனுடைய கைக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிடும். எதிரே வந்து உட்காருகிறவர் பேரைச் சொன்னதும், ஆணாக இருந்தால் 'இன்னார் குமாரர்' என்றும் பெண்ணாக இருந்தால் 'இன்னார் மனைவி' என்றும் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகும். தருமனுக்கு அப்படிப்பட்ட கை. திருவண்ணாமலை சப்ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் சாய்வு மேசை போட்டு உட்காரும் ஏழெட்டுப் பேரில் அவன் எழுதிய பத்திரம் ஒன்றுகூட 'சரியில்லை' என்று திரும்பி வந்ததில்லை. எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அந்தக் கைதான் ஒரு வார்த்தையைக் கூசாமல் எழுதி வைத்தது.

பத்திரம் வயிற்றுக்கு. மனசுக்கு என்று அவன் வேறொன்று எழுதி வைத்திருந்தான். நான்கு நீட்டு நோட்டு நிறைய ஒரு சினிமாக் கதை. பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. மத்தியானத்தில் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போகிற நேரத்திலெல்லாம் எழுதி எழுதி மூன்று வருஷத்தில் முடித்தது.

கதை அவன் கட்டினது அல்ல. ஆர்மோனியக்காரர் சக்கரவர்த்தியும் பாட்டுக்காரி பாஞ்சாலையும் நடத்திய வாழ்க்கை அது. செங்கம், போளூர், அவலூர்ப்பேட்டை என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் தீமிதி நடந்த ஊரிலெல்லாம் 'சக்கரவர்த்தி செட்டு' என்றால் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும். பதினெட்டு வருஷம் இருவரும் ஒரே மேடை, ஒரே அடுப்பு. சக்கரவர்த்திக்குத் தாலி கட்டிய பெண்டாட்டி கீழ்பென்னாத்தூரில் இருந்தாள், பேர் வெள்ளையம்மாள். அவர் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. பாஞ்சாலை இப்போது அவலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு கடலை மில்லில் முறம் பிடிக்கிறாள்.

அவன் தபாலில் அனுப்பிய நோட்டுகளைப் படித்துவிட்டு மெட்ராசிலிருந்து சினிமாக் கம்பெனி மேனேஜர் ராமன் நேரிலேயே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டு காப்பிக்குச் சொல்லிவிட்டு நோட்டைத் தட்டினார்.

"தருமன், அழுதுட்டேன்யா. டைரக்டரும் அழுதுட்டாரு. வக்கீல் மட்டும் அழல."

"வக்கீலா?"

"கம்பெனி வக்கீல். கதைன்னா பரவால்ல, இது நடந்ததாச்சேங்கறாரு. உயிரோட இருக்கிறவங்க ஒவ்வொருத்தரும் சம்மதம் எழுதித் தரணும். செத்தவருக்கு வாரிசு எழுதித் தரணும். இல்லாட்டி படம் வெளிய வர்ற வாரம் எவனாவது கோர்ட்டுல தடை வாங்கிட்டு வந்து நிப்பான். படப்பெட்டி தியேட்டருக்குப் போவாது."

"நான் பொய்யி எதுவும் எழுதலீங்களே."

"பொய் எழுதியிருந்தா தேவலைய்யா. நிஜம் எழுதினாத்தான் கேஸு." ராமன் விரலை மடக்கினார். "பாட்டுங்க யாரோடது?"

"பாதி அவரு கட்டினது. பாதி ஊருல எல்லாரும் பாடறது."

"எது அவருது, எது ஊருதுன்னு தனித்தனியா எழுதிக் குடு. ஊருது ஓசி. அவருதுக்கு வாரிசு கையெழுத்து. அப்புறம் அந்த டோலக்குக்காரன், குடிச்சிட்டு மேடையில தாளம் தப்பி விழறானே, அந்த ஆளு இருக்கானா?"

"இருக்காரு. தசரதன். பே கோபுரத் தெரு."

"போச்சு. மானநஷ்டம். முதல்ல அவன்கிட்ட வாங்கு. எல்லாம் தீபத்துக்குப் பத்து நாள் முன்னாடி என் கைக்கு வரணும். தீபக் கூட்டத்தை அப்படியே படம் புடிச்சிடணும்னு டைரக்டர் ஒத்தக்கால்ல நிக்கறாரு. லட்சம் ஜனத்தை நாம கூட்ட முடியுமா? தப்பினா அடுத்த வருஷம். அடுத்த வருஷம்னா இந்தத் தொழில்ல இல்லைன்னு அர்த்தம்."

தசரதனைப் பிடிப்பது சிரமமாக இல்லை. சாராயக் கடைக்குப் போகிற வழியிலேயே பிடித்துவிட்டான். மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றபடியே, தருமன் வைத்திருந்த நகலிலிருந்து அந்தக் காட்சியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"குடிச்சேன்னு எழுதியிருக்க. சரி. விழுந்தேன்னு எழுதியிருக்க. சரி. தாளம் தப்பினேன்னு எவண்டா சொன்னது?"

"அண்ணே, பாத்தவங்க சொன்னதுதான்."

"பாத்தவனுக்குக் காது இருந்திச்சா? விழும்போதும் கை தாளத்தோட சமத்துலதான்டா விழுந்திச்சி. அத மாத்து. நான் குடிகாரன், கடங்காரன், பொண்டாட்டிய அடிச்சவன், இன்னா வோணா எழுதிக்க. தாளம் தப்பினவன்னு எழுதின, கேஸு இல்ல, கொலைதான்."

தருமன் அங்கேயே அந்த ஒரு வரியை மாற்றினான். தசரதன் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது; ஆனால் ஒரே சீராக நடுங்கியது.

மறுநாள் பாஞ்சாலைக்குப் பத்திரம் எழுதி எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனான். ஓயாத மழை. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. மில்லுக்குள் மட்டும் கோடை மாதிரி உலர்ந்த தூசி. தோல் உடைக்கிற இயந்திரத்தின் இரைச்சல். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொத்தையும் கல்லும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலை வாயைச் சுற்றி முந்தானையைக் கட்டியிருந்தாள். ஒரு காலத்தில் மைக் இல்லாமல் தெருக்கோடிக்குக் கேட்ட குரல். இப்போது தூசி போய்ப் போய்த் தகரம் உரசுகிற மாதிரி ஆகிவிட்டது.

"வாப்பா தருமா. படம் எடுக்கறவங்க வந்தாங்களாமே?"

"ஆமாங்க்கா. உங்க சம்மதம் வோணுமாம். எழுதினு வந்திருக்கேன்."

"எங்கிட்ட இன்னா சம்மதம்? அவரு பேரு பெரிய திரையில வருதுன்னா நான் வோணாம்னா சொல்லப்போறேன்? சக்கரவர்த்தின்னு ஒருத்தரு இருந்தாருன்னு இந்த ஊருலயே பாதிப் பேருக்குத் தெரியல. இவளுங்களைக் கேளு."

பக்கத்தில் முறம் பிடித்த எல்லம்மாள் சிரித்தாள். "எனுக்குத் தெரியுமே. தெனமும் அந்தக் கதையக் கேட்டுக் கேட்டுத்தான் எங்க காது சொத்தையாச்சி."

பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது தொழில் முறை. தருமன் அதில் ஒரு எழுத்தும் விடமாட்டான். இயந்திரத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசித்தான்.

"திருவண்ணாமலை டவுன், அவலூர்ப்பேட்டை ரோட்டில் வசிக்கும் காலஞ்சென்ற சக்கரவர்த்தி அவர்கள் மனைவி பாஞ்சாலை ஆகிய நான், சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொடுத்த சம்மதப் பத்திரம் என்னவென்றால்..."

"நிறுத்து."

நிறுத்தினான்.

"மொதல்ல இருந்து படி."

படித்தான். அவள் முந்தானையை வாயிலிருந்து அவிழ்த்தாள். "இன்னொரு தபா."

மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் தருமனுக்கே தான் எழுதியது காதில் விழுந்தது. யோசித்து எழுதியது அல்ல. கை எழுதியது. திருத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் எல்லம்மாள் "அடியே, எழுத்துலயே வந்துட்டியா நீ!" என்று அவள் தோளை இடித்தாள். பாஞ்சாலை கையைப் புடைவையில் துடைத்தாள். ஒரு தடவைக்கு நான்கு தடவை துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

'ச. பாஞ்சாலை.' துதிக்கை வைத்த பழைய 'லை'. கையெழுத்துப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் சக்கரவர்த்தி. முன்னால் இருக்கிற 'ச'வும் அவர் வைத்ததுதான். அதுவரை எந்த ஆபீசும் அதைக் கேட்டதில்லை; எந்தக் காகிதமும் அது எதற்கு என்று சொன்னதில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு மறுநாள் காலை பஸ் ஏறினான். வெள்ளையம்மாளுக்கான பத்திரத்தையும் பாஞ்சாலையின் பத்திரத்தையும் ஒன்றாகக் குண்டூசி குத்திப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மடியில் கட்டியிருந்தான். தாள்கள் தனித்தனியாகக் கிடந்தால் அவனுக்கு ஆகாது.

வெள்ளையம்மாள் நெல்வயலில் களை பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. அறுபதை ஒட்டிய வயசு. குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது. வந்தவன் யார், எதற்கு என்று கேட்பதற்கு முன்னால் தட்டில் கேழ்வரகுக் களியை உருட்டி வைத்து, மொச்சைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள்.

"மழையில வந்திருக்க. துன்னு. அப்பால பேசலாம்."

சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அவள் சேற்றைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சினிமாவா? அதுல நான் வரனா?"

"வரீங்கம்மா. ரெண்டு எடத்துல."

"இன்னா பண்றேன்?"

"காத்துனு இருக்கீங்க."

"நானா? எனுக்கு அதுக்கேது நேரம்? ஆறு ஏக்கரா கொல்லையில ஒண்டியா களை வெட்டினு இருந்தேன்னு எழுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "சரி, படி. குத்தம் இல்லாம இருந்தா ரேகை வெக்கறேன்."

படித்தான். தலையை ஆட்டினாள். "அடியில இன்னொண்ணு குத்தி வெச்சிருக்கியே, அது இன்னாது?"

"அது பாஞ்சாலையம்மா எழுதிக் குடுத்ததும்மா."

"அதயும் படி."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டவருக்கு வாசித்துக் காட்டுவது இருபது வருஷப் பழக்கம். முதல் வரியிலேயே அந்த வார்த்தை வந்தது. செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளையம்மாளின் கை நின்றது.

"எனுக்கு இன்னா எழுதியிருக்க?"

"அதேதாம்மா. சக்கரவர்த்தி மனைவி."

"அவளுக்கு?"

தருமன் பத்திரத்தைக் கீழே வைத்தான்.

"தம்பி, நான் அந்தப் பொம்பளைய ஒரு நாளும் ஏசினதில்ல. ஊரைக் கேட்டுப் பாரு. இந்த ஊரு தீமிதிக்கே ரெண்டு பேரும் வந்து பாடினாங்க. நான் கடலக் கொல்லையில காவலுக்குப் படுத்துனு கேட்டேன். நல்லாத்தான் பாடினா. பாட்டு அவளுது. மேடை அவளுது. அந்தாளு ஆஸ்பத்திரில கெடந்தப்ப பீயும் மூத்திரமும் அள்ளினதும் அவதான். நான் போய்ப் பாத்தப்ப எனுக்கே வெத்தல மடிச்சிக் குடுத்தா. எல்லாம் அவளுது. எனக்குன்னு மிஞ்சினது அந்த ஒரு வார்த்தை. ரேசன் கார்டுல, ஓட்டு லிஸ்ட்டுல, பட்டாவுல. அதயும் நீ ரெண்டாப் புட்டுனு வந்து என் ஊட்டுலயே களி துன்னுனு கீற."

கையில் பிட்டிருந்த களி வாய்க்குப் போகவில்லை.

"தப்பு என்னுதும்மா. கை ஓடிட்டுது. வேற பேப்பர்ல புதுசா எழுதினு வரேன்."

"புதுசு வோணாம். புதுசு எழுதினா பழசு எங்கனா இருக்கும். நெல விசயத்துல இத எத்தினி பாத்துட்டேன். இதே பேப்பர்ல அடி. அடிச்ச எடத்துல அவளே கை வெக்கட்டும். கொண்டாந்து என் கண்ணுல காட்டு. அப்பால நான் ரேகை வெக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, தட்டைப் பார்த்தாள். "துன்னு. சோத்து மேல கோவம் இல்ல."

ராமன் கேட்ட தேதிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. ஊரெங்கும் தீபத்துக்குப் பந்தல் போட ஆரம்பித்திருந்தார்கள். மில்லில் அன்று கரண்ட் இல்லை. இயந்திரம் நின்றுபோய்ப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தருமன் பாஞ்சாலையை மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னான். எதையும் குறைக்காமல் சொன்னான், வெற்றிலை மடித்துக் கொடுத்தது உட்பட.

பாஞ்சாலை மூட்டை மேல் உட்கார்ந்தாள். "வெத்தல விசயத்தக் கூட ஞாபகம் வெச்சிருக்காளா?"

"உம்."

"அந்தம்மா சொல்றது ஞாயந்தான். நீ ஏம்ப்பா அப்படி எழுதின? எழுதாம இருந்திருந்தா நான் கேட்டிருப்பனா? அம்பத்திரண்டு வயசு வரைக்கும் கேக்கலியே."

"தப்புதாங்க்கா. வோணாம்னா விட்டுடலாம். படமே வோணாம். நோட்டைத் திருப்பி வாங்கிடறேன்."

சொல்லிவிட்டானே தவிர, பத்திரத்தை உறைக்குள் திருப்பி வைக்கக் கை போகவில்லை. மூன்று வருஷ மத்தியானம். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையையும் பார்த்தாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"அவரு பேரு வருமில்ல? சக்கரவர்த்தின்னே சொல்வாங்கல்ல?"

"அந்தப் பேரேதான். அதுக்குத்தானே இத்தினி கையெழுத்து."

"அப்ப அடி."

பத்திரத்தை மூட்டை மேல் வைத்து, 'காலஞ்சென்ற சக்கரவர்த்தி அவர்கள் மனைவி' என்பதை அளவுகோல் வைத்து ஒரே கோடாக அடித்தான். அடித்த வார்த்தை அடியில் தெரிய வேண்டும் என்பது முறை. மை பூசி மறைக்கக் கூடாது. அதற்கு மேலே எழுத வேறொருவர் பேர் வேண்டும்.

"அப்பா பேரு சொல்லுங்கக்கா."

"எதுக்கு? வெறுமனே பாஞ்சாலைன்னு எழுது."

"எடுபடாதுக்கா. பொம்பளைக்கு யாராச்சும் ஒரு ஆம்பளை பேரு வோணும்."

"சுப்பன். நான் ஆர்மோனியக்காரரோட வந்தப்ப, எம் பொண்ணு செத்துட்டான்னு தலை முழுகினவன். செத்துப்போனவளுக்குத்தான் எழுதற. எழுது."

'சுப்பன் அவர்கள் குமாரத்தி' என்று சின்ன எழுத்தில் செருகினான். கடைசிப் பக்கத்தின் அடியில், 'இப்பத்திரத்தில் அடித்தல் ஒன்று, செருகல் ஒன்று' என்று எழுதினான். அப்போதுதான் அவள் முன்பு போட்டிருந்த கையெழுத்து கண்ணில் பட்டது. 'ச. பாஞ்சாலை.' உள்ளே சுப்பன், அடியில் ச. வக்கீல் கண்ணில் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவான். ஆனால் பத்திரம் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

"அக்கா, நல்லவேளை, ரெண்டும் ஒரே எழுத்துதான். 'ச'வுக்குக் கீழ ஒரு சுழி சுழிச்சிட்டா 'சு' ஆயிடும். ஒருத்தருக்கும் தெரியாது."

பாஞ்சாலை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு சுழில பொண்டாட்டிய மகளாக்கிடுவியா நீ? கெட்டிக்காரன்தான்டா."

அவன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"அந்தக் கையெழுத்தையும் அடி. முழுசா அடி."

"அக்கா, அடிச்சா கையெழுத்துக்கு எங்க போறது?"

கைநாட்டுக்கென்று அவன் கொண்டுவந்திருந்த மைப்பெட்டியை அவள் தானே திறந்தாள். கடலைத் தோல் அப்பிய இடது கட்டைவிரலை எச்சில் தொட்டுத் துடைத்து, மையில் அழுத்தினாள்.

"கையெழுத்துத் தெரிஞ்சவங்க ரேகை வெக்கக் கூடாதுக்கா."

"எனுக்குத் தெரியும்னு யாரு சொன்னது?" விரலைத் தாளுக்கு மேல் நிறுத்தினாள். "கைநாட்டுக்கு முன்எழுத்து கெடையாதில்ல?"

"கெடையாது."

அடித்த வார்த்தைக்குப் பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று வைத்தாள். தருமன் கையெழுத்தின் மேலும் ஒரு கோடு இழுத்து, 'அடித்தல் ஒன்று' என்பதை 'அடித்தல் இரண்டு' என்று மாற்றினான். விரலை அவள் சாக்கில் துடைத்தாள். மை போகவில்லை. கரண்ட் வந்தது, இயந்திரம் இரைந்தது, முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கீழ்பென்னாத்தூரில் வெள்ளையம்மாள் அந்தக் கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனாலும் நெடுநேரம் பார்த்தாள். "அவளுக்குக் கையெழுத்து வருமே. ஆஸ்பத்திரி பேப்பர்ல போட்டாளே," என்றாள். தருமன் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் மறுபடி கேட்கவில்லை. ரேகை வைத்தாள். இந்தத் தடவை அவள் களி உருட்டி வைக்கவில்லை; அவனும் எதிர்பார்க்கவில்லை.

பத்திரங்கள் தேதிக்குள் ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டன. தீபத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வரவில்லை. மழையினால் இருக்கும் என்று பாஞ்சாலையிடம் சொன்னான். மலை மேல் தீபம் ஏறி, பதினோரு நாள் எரிந்து அணைந்தது. மார்கழி பிறந்ததும் பெரிய உறை ஒன்று வந்தது. நான்கு நோட்டு, மூன்று பத்திரம், ஒரு கடிதம்.

அதை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் பாஞ்சாலை, முறத்தை நிறுத்தாமல்.

"படம் எடுக்கறாங்களாம். ஆனா..."

"படி. நீதான் ஒரு எழுத்து வுடமாட்டியே."

படித்தான். "அன்புள்ள தருமன் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பிய சம்மதப் பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருப்பதாலும், கையெழுத்துக்குப் பதில் ரேகை இருப்பதாலும், பின்னால் வழக்கு வரக்கூடும் என்று வக்கீல் அபிப்பிராயப்படுகிறார். ஆகையால் கதையில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். ஊரையும் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றியாகிவிட்டது. பாடல்களைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறோம். ஆர்மோனியத்துக்குப் பதில் வயலின். இனி யாருடைய சம்மதமும் தேவைப்படாது. இதற்கு மேல் இது தங்களுடைய கதையும் ஆகாது என்பதால் நோட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்."

இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. எல்லம்மாள்கூடக் கையை நிறுத்திவிட்டாள்.

"அவரு பேரு?" என்றாள் பாஞ்சாலை.

"மாத்திட்டாங்க்கா."

முறத்தில் கடலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் அதைச் சமன் செய்தாள். "அவ்ளோதானா? கடைசியில இன்னும் ரெண்டு வரி கீதே. நீ படிக்காத எடத்த நான் பாத்ததே இல்ல. படி."

அவன் படித்தான். "ஜனங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இடைவேளைக்கு முன் ஒரு கல்யாணக் காட்சி சேர்த்து, பாட்டுக்காரியை அவருக்கு மனைவி ஆக்கியிருக்கிறோம்."

பாஞ்சாலை முந்தானையை வாயிலிருந்து அவிழ்த்தாள்.

"மறுபடியும் படி."

படித்தான்.

மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. முந்தானையைக் கட்டிக்கொண்டு, முறத்தை ஒரு தட்டுத் தட்டிச் சொத்தையை ஓரம் கட்டினாள். கட்டைவிரல் நகக்கண்ணில் அந்த மை இன்னும் கொஞ்சம் இருந்தது.